அழாமல் வரையச் சொன்ன முகம்

துண்டுகளைப் பொருத்திக் கதவைத் திறக்கும் மொபைல் விளையாட்டு ஒன்றை என் நண்பர் ரஹீம் உருவாக்கினார். அதைப் பதிவிறக்கும் பக்கத்திலும், திறந்ததும் முகப்பிலும் வரும் படத்தைப் போத்தனூரில் என் வீட்டிலிருந்து நான்தான் வரைந்தேன். பூட்டிய கதவின் முன்னால் ஒரு சிறுமி அழுதுகொண்டு நிற்பாள். யாரையும் பார்த்து வரையவில்லை. மனதில் வந்த முகம். அந்த அழுகையைப் பார்த்தே நிறையப் பேர் பதிவிறக்கினார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மதியம், பதிவிறக்கும் பக்கத்தில் போட்டிருந்த என் எண்ணைப் பார்த்து மதுக்கரையிலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

"ஏனுங்க, அந்தப் படம் வரஞ்சது நீங்களுங்களா? எம்புள்ளையாட்டமே இருக்குதுங்க. போன வருசம் காய்ச்சல்ல போயிட்டாளுங்க."

"மன்னிச்சுக்குங்கக்கா, உடனே எடுத்துடறேனுங்க."

"எடுத்துப்போடாதீங்க கண்ணு. அப்புறம் அவளை எங்கீங்க பாக்கறது? அழுகாம மட்டும் வரஞ்சு போடுங்க."

"எப்படிச் சிரிப்பாளுங்க?" என்று கேட்டேன்.

"பல்லு உளுந்துபோச்சுன்னு கைல வாயப் பொத்திட்டுச் சிரிப்பாளுங்க."

அப்படியே வரைந்தேன். "போன்ல சின்னதாப் பாத்தா சிரிக்கறாளா, பயப்படறாளான்னே தெரியலீங்க," என்றார் ரஹீம். விஷயத்தைச் சொன்னதும் படத்தை மாற்றினார். பதிவிறக்குபவர்கள் குறைந்துபோனார்கள். ஆனாலும் பழைய படத்தை அவர் திரும்பப் போடவில்லை.

அந்தப் பெண் மறுபடி அழைக்கவில்லை. எனக்கும் அழைக்கத் துணிவில்லை. சிரிப்பு சரியாக வந்ததா என்று இன்றுவரை தெரியாது. பேருந்தில் யாராவது அந்த விளையாட்டைத் திறந்தால், அந்தக் கண்கள் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும். வாயிலிருந்து கையை எடு என்று அவளிடம் சொல்லத் தோன்றும். எடுத்தால் உள்ளே சிரிப்பு இருக்குமோ, அழுகை இருக்குமோ என்று பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.