கட்டிலுக்கடியில் கத்தரிக்காய்

அப்பாவின் கால் முறிந்தது எந்த வருடம் என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒற்றுமை இல்லை. அம்மா எழுபத்து நாலு என்பாள். புதுத் துறைமுகம் திறந்ததே எழுபத்து நாலில்தான். அப்பா அடிபட்டது அதற்கு மறுவருடம் என்பதால் எழுபத்தைந்து என்பது என் கட்சி. பருவத்தைப் பற்றி மட்டும் தகராறு கிடையாது. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகள், காற்றுக் காலத்தில் கரை ஒதுங்குவதற்கு முந்தைய கடைசி நடை அது. அடுக்கியிருந்த வெங்காய மூட்டைகள் சரிந்து தோணிக்காரரான அப்பாவின் காலில் விழுந்தன. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவர் கட்டிலில் படுத்தார்.

அவர் படுத்த சில நாட்களில் அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. பாளையங்கோட்டைப் பக்கம். விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். விடுதிச் சாப்பாட்டுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். கட்ட வழியில்லாதவர்கள் சலுகை கேட்டு மனுப் போடலாம் என்றார்கள். அக்காவே எழுதிப் போட்டாள். சலுகை கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு அத்தையோடு உப்பளத்துக்குப் போவது என்று பேச்சு. உப்பு அரிக்காமல் காலில் சுற்றிக்கொள்ள அந்த அத்தை பழைய துணி கூட எடுத்து வைத்துவிட்டாள்.

வீட்டு நிலைமையை நேரில் பார்த்து எழுத, பள்ளியின் கணக்கர் வருவார் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அம்மா எங்கள் வீட்டைப் புதுக் கண்களோடு பார்க்கத் தொடங்கினாள். எது எங்களைப் பணக்காரர்களாகக் காட்டும் என்பதே அவள் யோசனை. அப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பீங்கான் தட்டுகளும் டிரான்சிஸ்டரும் அத்தை வீட்டுக்குப் போயின. கொஞ்ச நாளைக்கு அத்தை எங்கள் தெருவிலேயே வசதியானவளாக இருந்தாள்.

இருப்பதை ஒளிப்பது பொய் சொல்வதாகாதா என்று அப்பா முனகினார். கேட்டால் சொல்லிவிடுவோம், கேட்காததைக் காட்ட வேண்டாம் என்றாள் அம்மா.

கடைசியாக அவள் ஒளித்தது ஒரு சிறு கூடையை. அதில் நாலு கத்தரிக்காயும் ஒரு முருங்கைக்காயும் இருந்தன. முறிந்த எலும்பு ஒன்றுசேரக் காய்கறி சாப்பிடச் சொல்லி வைத்தியர் வற்புறுத்தியதால் அப்பாவுக்காகக் காசு கொடுத்து வாங்கியவை. எங்கள் கடற்கரையில் காய் என்பது காசு. மீன் என்பது உறவு. கூடையின் மேல் பழைய சேலையைப் போட்டு மூடி, அப்பாவின் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

கணக்கர் வந்தபோது உச்சி வெயில். ஏரல் பக்கம் வயற்காட்டு ஊர்க்காரர், ஒல்லியான மனிதர், கையில் குடை. அப்பாவின் காலைப் பார்த்தார், அரிசிப் பானையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு பாயில் உட்கார்ந்து, பள்ளி அச்சடித்துக் கொடுத்திருந்த தாளை விரித்தார். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் ‘அவசியம்’ என்ற தலைப்பில் இருந்தன. மீன், இறைச்சி, பூ, வானொலி எல்லாம் ‘பிற’ என்ற தலைப்பில். அந்தத் தாளை அடித்தவர் கடலைப் பார்த்திருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

வீடு தேடி வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. இரண்டு தரம் மறுத்துவிட்டுச் சாப்பிட இசைந்தார். அம்மா சோறு போட்டு, சீலா மீன் குழம்பு ஊற்றி, இரண்டு பெரிய துண்டுகளை வைத்தாள். கணக்கரின் கை அப்படியே நின்றது.

“சீலாவாம்மா? எங்க ஊர்ல புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தாத்தான் இதை வாங்குவோம்.”

“காசுக்கு வாங்கினது இல்ல சார். வலையிலயே சுறா கடிச்சுப்போட்ட மீன். ஏலத்துல யாரும் எடுக்க மாட்டாவ. எங்க அண்ணன் கொண்டாந்து போட்டாவ.”

அவர் துண்டைத் திருப்பிப் பார்த்தார். “கடிச்ச அடையாளம் ஒண்ணையும் காணலியே.”

எப்படிக் காணும்? பல் பட்ட பக்கத்தை முழுக்க அரிந்து பூனைக்குப் போட்டிருந்தாள் அம்மா. விருந்தாளிக்குக் குதறிய மீனை வைக்க அவள் கை வராது. மாதம் மீனுக்கு எவ்வளவு ஆகும் என்று அவர் கேட்க, ஒன்றும் ஆகாது என்றாள். முழு உண்மை. ஆனால் எனக்கே அது பொய் போலக் கேட்டது. அவர் இடக்கையால் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அடுப்படி வாசலில் நின்ற அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அக்காவையும் என்னையும் சாப்பிட உட்கார்த்தினாள். தட்டில் விழுந்த மீன் துண்டை அக்கா ஓரமாக ஒதுக்கினாள்.

“நீ சாப்பிடலியாம்மா?” என்றார் கணக்கர்.

“எனக்கு மீன் பிடிக்காது சார்.”

இந்தச் செய்தி எனக்குப் புதிது. ஆனாலும் நல்ல செய்தி. அவள் துண்டை என் தட்டுக்கு மாற்றிக்கொண்டேன். அக்கா வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவருக்கு வேறு விசனம்.

“ஏளா, சார் மொத மொத வந்திருக்காவ. வெறும் மீனைப் போட்டா அனுப்புவ? கட்டிலுக்கடியில கத்தரிக்காய் இருக்குல்லா, அதை எடுத்து ஒரு கூட்டு வையி.”

அம்மா பார்த்த பார்வையில் அப்பாவின் இன்னொரு காலும் முறிந்திருக்க வேண்டும். அப்பா விடவில்லை. தாமே குனிந்து கூடையை இழுக்கப் பார்த்தார். வலியில் முகம் கோணியது. கணக்கர் எழுந்து வந்து கூடையை இழுத்து, சேலையை விலக்கிப் பார்த்தார்.

“இதையா ஒளிச்சு வச்சிய?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “அவியளுக்கு வைத்தியர் சொன்னதுனால வாங்கினது சார். தெனமும் வாங்குறது இல்ல.”

“எங்க வீட்டுல முத்திப்போன கத்தரிக்காயை மாட்டுக்குப் போடுதோம்மா” என்று அவர் சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலேயே. பிறகு கணக்கரின் சிரிப்பு நின்றுவிட்டது. கூடையையும் தன் தட்டிலிருந்த மீனையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பப் போய் உட்கார்ந்து, கூட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீனை முள் மட்டும் மிஞ்சும்படி சாப்பிட்டார். கை கழுவி வந்த பிறகுதான் பேனாவைத் திறந்தார். என்ன எழுதினார் என்று எங்களுக்குக் காட்டவில்லை. புறப்படும்போது, “கத்தரிக்காயை அவருக்கே வச்சுக் குடுங்க” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. விடுதிச் சாப்பாட்டுப் பணம் முழுவதும் தள்ளுபடி. டிரான்சிஸ்டர் வீடு திரும்பியது. நாலு கத்தரிக்காய்க்குப் பயந்து ஒரு பள்ளியே பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டது என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அக்கா சாயங்காலம் பாளையங்கோட்டைக்குப் பேருந்து ஏற இருந்த அன்று மத்தியானம் மாமா மறுபடியும் மீன் கொண்டுவந்தார். அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அவள் துண்டு எப்படியும் எனக்குத்தான் என்று காத்திருந்தேன். அவளோ முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சி, குழம்பை வழித்துத் தின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா அந்தக் கணக்கர் சாரிடம் பொய் சொல்லியிருக்கிறாள், அவளுக்கு மீன் பிடிக்கத்தான் செய்கிறது என்று அம்மாவிடம் கோள் சொன்னேன்.

அம்மா என்னை அதட்டவில்லை. சட்டியில் மிச்சமிருந்த பெரிய துண்டை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தாள். அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பொய் சொன்னவளுக்கு எதற்கு இன்னொரு துண்டு என்று எனக்கு விளங்கவே இல்லை.