ஆண் பப்பாளியை வெட்ட விடவில்லை

எனக்கு ஒழுங்காக எழுத வராது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். வாக்கியம் கோணலாகப் போகும், மாதமும் வருடமும் நினைவில் நிற்பதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பப்பாளி மரத்தின் விஷயத்தில் நான் செய்தது சரிதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்தில், பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, லயங்களை, சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். அரிசிக்கு அளவு. டின் பாலைக் கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்குப் போய்விடக் கூடாதாம். வெயிலில் வீடு வந்து சேர்வதற்குள் ஈ மொய்க்கும், மறுநாள் புளித்துவிடும். எனக்குத் தலைப்பிள்ளை பிறந்து மூன்று மாதம். தாய்ப்பால் போதவில்லை. பச்சைப் பப்பாளிக்காயை மீனோடு வேகவைத்துக் குடி என்று கடைக்காரச் சீன அக்கா சொன்னார். குடித்தேன், ஊறியது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பெண் மரம், ஒரு ஆண் மரம். ஆண் மரத்தில் நீளக் காம்பில் பூ கொத்துக்கொத்தாகத் தொங்கும். காய் கிடையாது. வேலிக்குள் இடம் குறைவு, காய்க்காத பப்பாளியை எல்லாம் வெட்டிவிட்டுக் கீரை போடுங்கள் என்று, எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து உத்தரவு சொன்னார். எல்லாரும் வெட்டினார்கள். எங்கள் பக்கத்தில் என்னுடைய ஆண் மரம் ஒன்றுதான் மிச்சம்.

சின்ன வயதில் என் அப்பாவும் இப்படித்தான் ஒன்றை வெட்டினார். அதற்குப் பிறகு பெண் மரத்துப் பிஞ்சுகள் விரல் அளவுக்கு வந்து, மஞ்சளாகி உதிர்ந்தன. நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மண்டோரோடு வம்பு எதற்கு என்று அவர் ரப்பர்ப் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போய்விட்டார்.

அன்று காலை மண்டோரே பாராங் கத்தியோடு வந்தார். அதுவரை அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் நிற்பவள். அன்றைக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றேன்.

"நகரும்மா. காய்க்காத மரம்லா இது. இதுக்குப் போயி காவலா?"

"இது இல்லாட்டி அந்த ரெண்டும் காய்க்காது. எம் புள்ளைக்குப் பாலு இருக்காது."

"ஓ, மரத்துக்கும் புருஷன் வேணுமோ?"

குழாயடியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை.

"காய்க்காததெல்லாம் வெட்டணும்னா, உங்க வீட்டு அஞ்சு புள்ளையையும் பெத்தது யாரு மண்டோரண்ணே? நீங்களா?"

இப்போது குழாயடி அவரைப் பார்த்துச் சிரித்தது. "உம் புருஷன்கிட்ட பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேசினார்தான். என் வீட்டுக்காரரைத் தூரத்து மலைக்காட்டு நிறைக்கு, ஏறிப் போகவே கால் கடுக்கும் மரவரிசைக்கு, மாற்றிப் போட்டார். வீட்டில் எனக்கு வசவு. மரம் நின்றது.

அடுத்த காய்ப்பில், தள்ளியிருந்த லயங்களில் பிஞ்செல்லாம் கொட்டியது. என் மரங்கள் இரண்டும் பிடித்துக்கொண்டன. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன், மண்டோர் வீட்டுக்கும்தான். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு மழைக்குப் பிறகு அந்த ஆண் மரமே காம்பின் நுனியில் இரண்டு சின்னக் காய் விட்டது. பயந்து பெண்ணாகிவிட்டது என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பிறகு பழையபடி வெறும் பூ.

பல வருடம் கழித்து என் மகள் அவளுடைய பயாலஜி புத்தகத்தைப் படித்துச் சொன்னாள். ஆதியில் பூக்களில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருந்தனவாம். எத்தனையோ காலம் போய், சில செடிகளில் தனித்தனி மரமாகப் பிரிந்தன, ஜாதிக்காய் மாதிரி. பப்பாளி இன்னும் முழுதாகப் பிரிந்து முடியவில்லை, இரண்டும் சேர்ந்த மரமும் உண்டு. மரமே இன்னும் முடிவு செய்யாததை, கத்தியோடு வந்தவர் ஒரு காலையில் முடிவு செய்யப் பார்த்தார்.

புத்தகத்தில் இருந்ததை நான் பிசகாகச் சொல்லியிருக்கலாம். டின்னில் ஓட்டை போட்டது எந்த வருடம் என்பதும் தெரியவில்லை. செடி கொடி படித்தவர்கள், அந்தக் காலம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். மண்டோரிடம் நான் சொன்னதை மட்டும் திருத்த வேண்டாம்.