வால் முளைக்கும் மருந்து

எங்கள் வீட்டுக்கும் என் ஓரகத்தி வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் இந்தப் பக்கம் கேட்கும். அவள் தன் மகளைப் பற்றிப் பெருமை பேசினாலும் கேட்கும்; கேட்கும்படிதான் பேசுவாள். அவள் மகள் சென்னையில் பல் டாக்டர் மேல்படிப்பு படிக்கிறாள். என் மகள் பிளஸ் டூ முடித்ததும் செய்யாறு கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறியவள். களம்பூரில் கட்டிக்கொடுத்தோம். அம்மன் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்வேன். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டுவிடும்.

போன ஆடியில் படவேட்டு அம்மனுக்குப் பொங்கல் வைக்க எல்லோரும் ஒரே வேனில் போனோம். வழியில் ஓரகத்தி, லீவில் வந்திருந்த தன் மகளின் போனை வாங்கி ஒரு படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கறுப்பு இருட்டில் பச்சைப் பொட்டுகள். சில பொட்டுகளுக்குப் பின்னால் நீளமாக வால். சொத்தைப் பல்லுக்கு ரூட் கெனால் செய்யும்போது கிருமி சாவதற்காக உள்ளே ஒரு மருந்து விட்டுக் கழுவுவார்களாம். அது நம் உயிரணுவில் இருக்கிற மரபணுவைக் கெடுக்கிறதா என்று அந்தப் பெண் சோதிக்கிறாளாம். கெட்டிருந்தால் வால் முளைக்குமாம். வால் நட்சத்திரம் மாதிரி தெரிவதால் சோதனைக்கே அந்தப் பெயர்தானாம்.

எனக்குத் தலைப்பிரட்டை மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். என் மகள் மட்டும் சிரித்தாள்.

அது என்ன மருந்து என்று கேட்டதற்கு, பிளீச்சிங் தண்ணீர் வகைதான் என்றாள் அந்தப் பெண். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டு நெய்கிற வீட்டில் தறிப் பக்கம் பிளீச்சிங் பவுடரைக் கொண்டுவர மாட்டோம். பட்ட இடத்தில் பட்டு இற்றுப்போகும். அதைப் போய் மனுஷர் வாயில் விடுகிறார்களா?

அதற்கப்புறம் என் மகள் உண்டானாள். ஐந்தாம் மாதத்தில் கன்னம் வீங்கி வந்து நின்றாள். பல்லுக்குள் சீழ், ரூட் கெனால்தான், தள்ளிப்போடாதீர்கள் என்றார் நம்மூர் டாக்டர். நான் அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கண்ணை மூடினால் அந்த வால்தான் தெரிந்தது. வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? கிராம்பு வைத்தேன். படவேட்டுத் திருநீறு பூசினேன். வலி அடங்கவில்லை. கஞ்சி கூட இறங்கவில்லை அவளுக்கு.

விவரம் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். எனக்குக் கால் எழவில்லை.

“வாலோட பொறந்தா பொறக்கட்டும்மா, வலி தாங்கல,” என்றாள் மகள். “நீ போய்க் கேக்கறியா, இல்ல நானே கேக்கட்டுமா?”

போனேன். ஓரகத்தி நிதானமாக ஈரக் கையைத் துடைத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, மகளுக்குப் போன் போட்டாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள்.

“பெரியம்மா, நான் உயிரணுவைத் தட்டுல வெச்சு, மருந்தை நேரா மேல விட்டுப் பாக்கறேன். எவ்ளோ விட்டா கெடுதுன்னு தெரியணும்ல. அக்காவுக்குப் பல்லுக்குள்ள கழுவிட்டு உடனே உறிஞ்சிடுவாங்க. சுத்தமா ஒண்ணும் ஆவாதுன்னு எழுதித்தர முடியாது, அதான் நாங்க இன்னும் பாத்துகினே இருக்கோம். ஆனா சீழை அப்படியே விட்டா அதுதான் புள்ளைக்கு ஆவாது. ஜல்தியா கூட்டினு போங்க. நான் டாக்டர்கிட்ட பேசறேன்.”

ஒரு இடத்திலும் பெருமை இல்லை அந்தப் பேச்சில். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. திமிராகப் பேசியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

கிளினிக்கில் சொன்னபடியே அந்தப் பெண் போனில் டாக்டரிடம் பேசினாள். எந்த மருந்து, எவ்வளவு காரம், வாய்க்குள் சிந்தாமல் இருக்க ரப்பர் ஷீட் போட்டாயிற்றா என்று அவள் கேட்கக் கேட்க, டாக்டர் மரியாதையாகப் பதில் சொன்னார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

“உங்க பொண்ணுங்களாம்மா? ரொம்பத் தெளிவா பேசறாங்க.”

“ஆமாங்க, என் பொண்ணுதான்,” என்றேன்.

முறைப்படி பார்த்தால் பொய் இல்லை. மைத்துனர் மகள் எனக்கும் மகள்தான். ஆனால் நாற்காலியில் வாயில் ரப்பரோடு படுத்திருந்தவளின் கண் இரண்டும் என் பக்கம் திரும்பின.

வரும்போது ஆட்டோவில், மரத்துப்போன வாயோடு கேட்டாள்: “அப்போ நான் யாரும்மா?” கேட்டுவிட்டு அவளே கோணல் வாயால் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் தயிர்சாதம் சாப்பிட்டாள். வயிற்றில் பிள்ளை உதைக்கிறது என்று என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் டாக்டர் என்னிடம் தந்தபோது போன் கட் ஆகவில்லை போலிருக்கிறது; நான் சொன்னது சென்னை வரை கேட்டிருக்கிறது. விளக்கேற்றுகிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“அக்கா, எம்பொண்ணை எப்போ தத்து எடுத்தீங்க? எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

திரியைத் தூண்டிவிட்டுக் கைகூப்பினேன். பிள்ளை கைகால் சுகத்தோடு, எந்தக் கெடுதலும் இல்லாமல் பிறக்க வேண்டும் தாயே என்று கேட்டேன். நன்றாகப் படிக்க வேண்டும் என்றும் கேட்டேன். சென்னையில், என்றேன். அந்தப் பக்கம் மறுபடி சிரிப்பு கேட்டது. சென்னைக்கும் மேலே, என்று திருத்திக்கொண்டேன்.