மாப்பிள்ளைக்கு வந்த தாகம்

மண்பானையிலிருந்து மொண்டு சொம்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம்... அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் நாக்கு வறண்டுபோகும்.

திருத்தணியில் என் அம்மா வீடு. சுதந்திரம் வந்த மறு வருஷம், பங்குனி மாதம். எனக்குப் பதினெட்டு வயது. தலைப்பிரசவம், பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மலைப்பாறை காய்ந்து அந்தச் சூடு தெருவுக்கே இறங்கும் காலம். நான் உள்ளறையில், காதில் பஞ்சும் தலையில் துணியுமாகக் கிடப்பேன். வெளியே அம்மா யாருக்காவது தண்ணீர் மொண்டு கொடுப்பாள். நான் எச்சிலை விழுங்கிக்கொள்வேன்.

எனக்குத் தண்ணீர் கிடையாது. வேளைக்கு அரை டம்ளர், அதுவும் சுக்குப் போட்டுக் காய்ச்சியது. சோற்றுக்கு மட்டும் மிளகும் பூண்டும் இடித்துப் போட்ட காரக் குழம்பு! என்ன நியாயமோ.

"பச்ச ஒடம்புடி. தண்ணி குடிச்சா புள்ளைக்கு சளி கட்டிக்கும். வாயக் கட்டு" என்பாள் அம்மா.

கட்டினேன். பால் வற்ற ஆரம்பித்தது.

குழந்தை நாலு வாய் சப்பும், தலையைத் திருப்பிக்கொண்டு வீறிடும். அம்மா மனசு பொறுக்காமல் பாலாடையில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவாள். அது குடித்துவிட்டுத் தூங்கிவிடும், மாருக்கே வராது. பால் இன்னும் குறையும். குழந்தையின் தொடைச் சதையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஆட்டுப்பாலுக்குச் சொல்லி வைக்கலாம் என்று அம்மா நைனாவிடம், அதான் என் அப்பாவிடம், பேசியது என் காதில் விழுந்தது.

அம்மாவுக்கு எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் அந்த வீட்டில் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. அதைப்பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். என் பெண்ணும் அப்படிப் போய்விடுவாளோ என்று நான் நடுங்கிப்போனேன்.

என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ரயில் இன்ஜின் ஷெட்டில் வேலை. அம்மாவுக்குச் சொந்த அண்ணன் மகன், அதனால் எனக்குப் பாவா. ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க வந்தவர் முகம் செத்துப்போய்த் திரும்பினார். மூன்றாம் நாள் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்.

"நர்ஸம்மா ஒருத்தங்களைக் கேட்டுக்கினு வந்தேன். சர்க்கரைத் தண்ணிய நிறுத்தணுமாம். ரெண்டு மணிக்கொரு தரம், ரெண்டு பக்கமும் உடணுமாம். புள்ள சப்பச் சப்பத்தான் பால் ஊறுமாம். உனக்குத் தாகம் எடுத்தா நல்லா தண்ணி குடிக்கணுமாம்."

"இதை அம்மா கிட்ட சொல்லு பாவா."

"நானா? அத்தை கிட்டயா? போ புள்ள!"

கொதிக்கிற பாய்லர் முன்னால் நிற்கிற மனுஷன், என் அம்மாவுக்கு அப்படிப் பயப்படுவார். ஆனால் மூளை வேலை செய்தது. வாசற்படியில் நின்று குரல் கொடுத்தார்.

"அத்தை, குடிக்கத் தண்ணி!"

மாப்பிள்ளை கேட்டால் இல்லையென்று சொல்ல முடியுமா? சொம்பு நிறையத் தண்ணீர் வந்தது. "புள்ளையப் பாத்துக்கினே குடிக்கிறேன்" என்று உள்ளே கொண்டுவந்தார். நான் ஒரே மூச்சில் குடித்தேன். குடித்துவிட்டு அழுதேன்.

அரைமணி கழித்து மறுபடி, "அத்தை, தண்ணி!"

சர்க்கரைத் தண்ணீரை "நானே குடுத்துக்கிறேம்மா" என்று வாங்கிக்கொள்வேன். அதுவும் பாவா வயிற்றுக்குத்தான் போனது.

ரெண்டே நாளில் அம்மா நைனாவிடம் கிசுகிசுத்தாள். "மாப்ளைக்கு நீரிழிவா இருக்குமோ? சொம்பு சொம்பா குடிச்சிக்கினே இருக்காரு!" நைனா பதறிப்போய் நாவல்கொட்டைப் பொடி வாங்கி வந்தார். பாவா காலையும் மாலையும் அந்தக் கசப்பை வாயில் போட்டு முழுங்கினார். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பேன்.

ஆனால் பால்? நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. குழந்தை சப்பும், அழும், மறுபடி சப்பும். மார் புண்ணாகிவிட்டது. ஆட்டுப்பாலே கொடுத்துவிடலாம் என்றேன். "இன்னும் ஒரு நாள் பாரு" என்றார். இப்படியே ஒவ்வொரு நாளும் சொன்னார். ஆறாம் நாள் காலையில் ரவிக்கை ஈரமாகியிருந்தது.

எட்டாம் நாள் மத்தியானம் மாட்டிக்கொண்டோம். குழந்தை மாரில் இருக்க, பாவா சொம்பை என் வாயில் சாய்த்துக்கொண்டிருந்தார். அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எத்தினி நாளா நடக்குது?"

"எட்டு நாளா, அத்தை..."

"அப்ப அந்தப் பொடி?"

"ஆங்... அதையும் தின்னுக்கினுதான் இருக்கேன்."

ருத்ரதாண்டவம்தான் என்று நினைத்தேன். அம்மா கத்தவில்லை. குழந்தை மடக் மடக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தது. கடைவாயில் பால் வழிந்தது. அதையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் இப்படித்தான்டி இருந்துச்சு. ரெண்டு தபாவும். நாக்கு ஒட்டிக்கினு கெடப்பேன்... கேக்க பயம்."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்த் தண்ணீர்ப் பானையையே தூக்கி வந்து என் தலைமாட்டில் வைத்தாள். அடுத்த பிரசவங்களுக்கெல்லாம் வேளாவேளைக்குச் சொம்போடு வந்து நின்றவள் அவள்தான்.

அந்தக் குழந்தைக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. முட்டிவலி என்று தினமும் போனில் என்னிடம் புலம்புகிறாள்.

போன வாரம் சென்னையில் என் கொள்ளுப்பேத்தி வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை பிறந்து இருபது நாள். அவளுக்கும் பால் குறைவாம். பால் கொடுக்கிற நேரத்துக்குப் போன் மணியடிக்கிறது. அதற்கென்றே படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்து சொல்லித் தருகிறாள். கேட்டுப் பார்த்தால் எல்லாம் அந்த நர்ஸம்மா சொன்னதுதான்!

கொள்ளுப்பேத்தி காலை நீட்டி உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டே, மாமியார் எதிரிலேயே ஒரு சத்தம் போட்டாள். "என்னங்க, தண்ணி! எவ்ளோ நேரம்?" புருஷன் ஓடி வந்தான். மாமியார் தலை நிமிரக்கூட இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் இதை உங்களுக்கெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

என் அம்மாவை ஒரே ஒரு தடவை அப்படிச் சத்தம் போட விட்டிருந்தால், எனக்கு ஒரு அண்ணனும் ஒரு அக்காவும் இருந்திருப்பார்களோ என்னவோ.