சீரகம் கீழே இறங்கிய மழைக்காலம்

என் வீட்டுக்காரர் நயினாருக்கு இரண்டு விஷயத்துக்குத்தான் வாய் திறக்காது. ஒன்று, தங்கச்சியைக் குறை சொல்ல. இன்னொன்று, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்ல. ஒருமுறை பல்வலியில் ஒன்பது நாள் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு, "கஞ்சி மாதிரி வருமா!" என்று எனக்கே வகுப்பெடுத்தார். பத்தொன்பது வயதில் தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்கு வந்தவர். அறுபத்திரண்டிலும் சுமைக்காரர் பிச்சைக்கனியோடு போட்டி போட்டு அரிசி மூட்டை நகர்த்துவார்.

முன்னால் எங்கள் அரிசிக் கடை, பின்னால் ஒரு ஹால், மாடியில் எங்கள் படுக்கையறை. கடைப் பூனை சீரகத்துக்கு மூட்டை அடுக்கின் உச்சிதான் படுக்கை. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான்.

போன ஜூனில் இவர் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலில் கிடந்த கட்டிலுக்கு வந்துவிட்டார். "மேல ஒரே புழுக்கம்" என்றார். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மே மாதம் இவர் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அந்தக் கோபம்தான் என்று முடிவுகட்டினேன். முப்பத்து நான்கு வருஷத்தில் என்னை விட்டுத் தள்ளிப் படுக்காத மனுஷன். வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை. மனசு மட்டும் கிடந்து தவித்தது.

அதே மழையில் சீரகமும் உச்சியை விட்டு, தராசுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் படுக்க ஆரம்பித்தது. இவருக்குப் பொறுக்கவில்லை. சணல் சாக்கு போய் பிளாஸ்டிக் சாக்கு வந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து, எங்கிருந்தோ நாலு சணல் சாக்கு கொண்டுவந்து மேலே விரித்தார். பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெணங்கிட்டு கேட்டியா, பிரேமா. நாம என்ன செஞ்சோம் அதுக்கு?" என்று கண்கலங்கினார்.

பூனை பிணங்கினது தெரிகிறது, பெண்டாட்டி தவிப்பது தெரியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் சீரகத்தைக் கூடையில் வைத்து, கால்நடை டாக்டர் ஷைலஜாவிடம் இருவரும் கொண்டு போனோம். பின்னங்கால் மூட்டில் அவர் லேசாக அழுத்தியதும் சீறியது.

"மூட்டு தேஞ்சு போச்சு. ஏற முடியல்ல, அதான் கீழ கிடக்குது. வேதனைன்னு பூனை அழாது கேட்டோ. கிடக்குற ஸ்தலத்த மாத்தும், அத்ரேயுள்ளு, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

நான் மெல்ல இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் சுவரில் இருந்த நாய் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஆட்டோவில் ஏறினார். இத்தனை நாள் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஒங்களுக்கு எந்த முட்டி?" என்றேன்.

கிழக்கேகோட்டை தாண்டும்வரை கூடைக்குள் கைவிட்டுச் சீரகத்தைத் தடவிக்கொண்டே வந்தார். "எடது" என்றார். அப்புறம், "ரெண்டும்."

"சொன்னா என்னவாம்?"

"சொன்னா மூட்டையத் தொட விடமாட்ட. கெழவன்னு உக்கார வச்சிருவ."

"கல்யாணத்துக்கு வரலன்னு கோவம்னுல்லா நெனச்சேன்!"

"அதையா? நான் அப்பமே மறந்தாச்சு."

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

கடைக்கு வந்ததும் மூட்டை அடுக்கைப் படி மாதிரி மாற்றச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து அதிகாரம் மட்டும் செய்தார். இடம் வீணாகிறதே என்று பிச்சைக்கனி முணுமுணுத்தார். மூன்றாம் நாள் சீரகம் ஒவ்வொரு மூட்டையாக ஏறி உச்சியில் சுருண்டது. இவருக்கு முட்டி டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு டோக்கன் எடுத்தேன்.

அன்று சாயங்காலம் என் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு இறங்கினேன்.

"நீ எதுக்கு எறங்கி வந்த?"

"மேல ஒரே புழுக்கம்" என்றேன். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.