அமாவாசையில் எடுத்த ரத்தம்

எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்தில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று கண்டுபிடிக்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நான் அவருக்குத் தற்காலிக எழுத்தர். ஊரில் எல்லோரையும் குத்த வேண்டியதில்லையாம். கொஞ்சம் பேரின் விரலில் ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்த்தால் சராசரி தெரியும், எண்கள் அதைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதும் தெரியும். பிறகு நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் அந்த வளைவைப் போட்டு, ஊரில் எத்தனை பேர் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். இயற்கையே இந்த வளைவுக்குக் கட்டுப்பட்டது என்பார், என்னவோ இயற்கை அவரிடம் சம்பளம் வாங்குவதுபோல.

முறையில் குற்றமில்லை. முகாமுக்கு அவர் குறித்த நாள் அமாவாசை. அன்று நெசவாளர்கள் தறியில் உட்கார மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "ஊரே ஃப்ரீ, எல்லாரும் வந்துடுவாங்க!" என்று குதித்தார். மீதியை நான் சொன்னேன்.

"சார், தறிதான் நிக்கும். பொம்பளைங்க செத்துப்போனவங்களுக்குப் படையல் போடணும், அடுப்பை வுட்டு நகர மாட்டாங்க. ஆம்பளைங்க துன்னுட்டு மேட்னிக்குப் பூடுவாங்க. அன்னிக்கு ரத்தம் எங்க தெருவுல எவனும் குடுக்கமாட்டான்."

"இந்த மூடநம்பிக்கையெல்லாம் ஸ்டாடிஸ்டிக்ஸ்ல வராதுப்பா."

வரவில்லைதான். வந்தவர்கள் பட்டுக்கடை முதலாளிகள், வாத்தியார்கள், கல்லூரிப் பிள்ளைகள். நெய்யும் பருப்புமாக வளர்ந்த உடம்புகள். வளைவு அற்புதமாக அமைந்தது. அளவுக்குக் கீழே ஒரு சின்ன வால்தான். இரும்புச்சத்து மாத்திரை அந்த வாலுக்குத் தக்கபடி வந்தது. எங்கள் நெசவாளர் தெருவுக்கு எட்டவில்லை.

என் அக்காவுக்கு அப்போது ஆறாம் மாதம். நாள் முழுக்க உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். உதடு வெளுத்திருந்தது. அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"ஒரு ஆளை வச்சு ஊர் கணக்கை மாத்த முடியுமா?" என்றார், வடையைக் கடித்தபடி.

ஒரு ஆளாம்! எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அந்த ஒரு ஆள் இருந்தாள்.

நானாவது மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. தட்டச்சு செய்த அறிக்கையைப் பார்த்ததும், இவ்வளவு படித்தவர் தப்பாகவா சொல்லியிருப்பார் என்று எனக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. அவரைத் திட்டும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து என்மேலும் எரிச்சல் வருகிறது.

மாதம் நிறையுமுன்பே அக்காவுக்கு வலி கண்டது. ஏகப்பட்ட ரத்தம் போயிற்று. அக்கா பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்து பேசினாள்.

"ஏண்டா, நீ அந்த ஆபீஸ்லதானே இருந்த? மாத்திரை நம்ம தெருவுக்கு மட்டும் ஏன் வரல?"

"ஸ்டாக் இல்லக்கா" என்றேன்.

"பாவம், இல்லாததுக்கு அந்த ஆபீசர் இன்னா பண்ணுவாரு" என்று அவருக்காக இரக்கப்பட்டாள்.