சித்தி எழுதிய அட்டை

என் சித்தி ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் செருப்புக்குள் இருக்கும். பேருந்தில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவாள். உட்கார்ந்தால் வண்டி மெதுவாகப் போகிறதாம். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, பொறுமையாக இருப்பது எப்படி என்று பிறருக்குக் கற்றுக்கொடுப்பது. கடவுளுக்கும் என்னைப் போலக் குறும்பு உண்டு என்று நம்புவதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

வேலையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். காது கேளாத பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் உண்டு. அங்கே சைகையில் பாடம் நடக்கும். ஆனால் சில பிள்ளைகளுக்குக் காதோடு சேர்ந்து வேறு எதுவும் ஒத்துழைக்காது. கண் மங்கல், கழுத்து நிற்காது, விரல் மடங்காது. விரலே மடங்காத பிள்ளை எப்படிச் சைகை செய்யும்? அப்படிப்பட்ட பிள்ளைகள் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் ஆசிரியர்களுக்குத்தான் சித்தி பயிற்சி தருகிறாள். முதலில் அவளும் அப்படியொரு பள்ளியில் கணக்கு டீச்சர்தான். நடக்கவும் முடியாத ஒரு பையனை "வகுப்புல சும்மா உக்கார வைங்க, போதும்" என்று மேலிடம் சொன்ன அன்று, "சும்மான்னா என்ன சார்?" என்று சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தாள். பதினாறு வருடமாகிறது. சண்டை இன்னும் முடியவில்லை, எதிரில் நிற்கும் ஆட்கள்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

பயிற்சியின் முதல் நாள் ஆசிரியர்களின் கண்ணைக் கட்டி, காதில் பஞ்சை அடைத்து, யாருடையது என்று தெரியாத ஒரு கையால் மசித்த வாழைப்பழத்தை ஊட்டவைப்பாள். மீசையெல்லாம் பழத்தோடு ஒருவர் எழுந்து, "ஊட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் சொல்லக்கூடாதா மேடம்?" என்பார். "அதத்தான் அந்தப் புள்ளையும் தினம் கேக்குது" என்பாள் சித்தி. அதன்பின் இரண்டு விதிகள். பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதே, உன் கையை அதன் கைக்கு அடியில் கொடு. எதைக் காட்டினாலும் பத்து எண்ணும்வரை காத்திரு. சித்தி பத்து எண்ணும் வேகத்தை நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். நான்கு நொடி.

இந்த முறை பயிற்சி நடந்த பள்ளியில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். காது கேட்காது, கைகளில் விறைப்பு, சக்கர நாற்காலி. தனக்குப் பிடித்த ஆளிடம் மட்டும்தான் தலை வாரக் கொடுப்பாள் என்பதால் எல்லோரும் அவளை மகாராணி என்றார்கள். இரண்டு மாதத்துக்கு முன் சித்தி ஒரு நாள் அங்கே போய் அவளுடைய அசைவுகளைக் கவனித்து, போனில் வீடியோவும் எடுத்து, எதற்கு என்ன அர்த்தம் என்று ஓர் அட்டை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். முஷ்டியை நெஞ்சில் தட்டினால் 'இன்னும் வேண்டும்'. நாக்கை நீட்டினால் 'தண்ணீர்'. முகத்தை இடது பக்கம் திருப்பினால் 'வேண்டாம்'. ஆசிரியர்கள் அட்டையை அட்சரம் பிசகாமல் பின்பற்றினார்கள். மகாராணி முதலில் கத்தினாள். பிறகு தன் கையையே கடித்தாள். பிறகு துவண்டுபோனாள். பள்ளியில் சாப்பாடும் அரைவயிறாகிவிட்டது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை சித்தியிடம் பட்டென்று சொல்லிவிட்டார். "எதக் காட்டினாலும் மூஞ்சியத் திருப்பிக்கிறா. அவளுக்கு இங்க எதுவும் ஏறாது மேடம். வெள்ளிக்கிழமை கமிட்டி இருக்கு. பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பலாம்னு எழுதப்போறேன். சாப்பாடு, தூக்கம் எல்லாம் நல்லாப் பாத்துப்பாங்க."

"படிப்பு?"

"நீங்க வந்து அட்டை எழுதியே ஒண்ணும் நடக்கலியே."

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. மகாராணியின் வீடியோவைப் போனில் ஓட்டியபடி சித்தி சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். "உக்காந்து பாருடி, தரை தேயுது" என்றாள் அம்மா. நான் சும்மா இருக்க முடியாமல் தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். வேறு நாளாக இருந்தால் டம்ளர் பறந்து வந்திருக்கும். முழுதும் குடித்துவிட்டு, "சூடு கம்மி" என்றாள். நல்லதாக ஒன்று போட்டுக் கொடுத்தேன். அது ஆடை கட்டி அப்படியே இருந்தது.

புதன்கிழமை, பயிற்சிக்கு வந்த பதினோரு பேரும் ஒவ்வொருவராக மகாராணி முன் குனிந்து ஒரு மஞ்சள் ஸ்பூனைக் காட்டவேண்டும். சாப்பாடு வருகிறது என்று அவளுக்கு அதுதான் செய்தி. ஐந்து பேர் காட்டினார்கள். ஐந்து முறையும் முகம் இடது பக்கம் போனது. ஐந்து பேரும் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, மரியாதையாக ஸ்பூனை எடுத்துக்கொண்டார்கள்.

ஆறாவது ஆள் ஒரு விளையாட்டு ஆசிரியர். இடைவேளை முடிந்து எப்போதும் கடைசியாக வந்து சேர்வதால் 'ஆமை' என்று பெயர் வாங்கியவர். குனிந்தார், காட்டினார். முகம் திரும்பியது. அவர் ஸ்பூனை எடுக்கவில்லை.

"சார், வேண்டாங்குறா. எடுங்க."

"ஆமை சார் அப்படியே தூங்கிட்டாருப்பா!"

அறையே சிரித்தது. சித்திக்குக் கோபம். "அவ சொன்னதுக்கு மதிப்புக் குடுங்க சார்!"

"குடுக்குறேம்மா... இடுப்புப் புடிச்சிக்கிச்சு. நிமிர முடியல."

மனிதர் குனிந்த வாக்கில் நின்றுவிட்டார். ஸ்பூனும் அப்படியே நின்றது. இரண்டு பேர் அவரைத் தூக்கிவிட எழுந்தபோது மகாராணியின் முஷ்டி மடியிலிருந்து கிளம்பியது. நடுங்கி நடுங்கி, வழியில் ஒருமுறை விழுந்து, மறுபடி எழுந்து, ஸ்பூன் மேல் போய் உட்கார்ந்தது. முகம் இன்னும் இடது பக்கம்தான் இருந்தது.

சிரிப்பு அடங்கிவிட்டது. சித்தி ஸ்பூனை வாங்கிக் கொஞ்சம் மேலே நகர்த்திப் பிடித்தாள். முஷ்டி பின்னாலேயே வந்தது.

சில பிள்ளைகளுக்கு நேரே இருப்பது தெரியாது, பார்வையின் ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியும். ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தை அதைவிட்டுத் திருப்பியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை சித்தி படம் போட்டு விளக்கிய பாடமே இதுதான். மகாராணிக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சீட்டு சொன்னதால் அவளிடம் அதைத் தேடவில்லை. பிள்ளை பார்க்கத் திரும்பியபோதெல்லாம், பார்க்கவிடாமல் பொருளைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

சித்தி அட்டையைச் சுவரிலிருந்து உரித்தாள். "இது தப்பு. எழுதினது நான்."

"அப்போ இந்த ரெண்டு மாசமும்...?" என்று ஒரு டீச்சர் ஆரம்பித்தார்.

"ஆமா. ரெண்டு மாசமும்."

அன்று சாயங்காலமே மகாராணியின் அம்மாவைத் தேடிப் போனாள். அந்த அம்மாவுக்குப் பை தைக்கும் கம்பெனியில் வேலை. கம்பெனி வாசலில் நின்றபடியே சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா, "வீட்டுலயும் அவ எதையும் அப்படித் திரும்பித்தான் பாப்பா டீச்சரம்மா" என்றாள்.

"சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீங்க படிச்சவங்க எழுதி ஒட்டிட்டீங்க. பள்ளிக்கூடத்துல அதுக்கு வேற அர்த்தம் போலன்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது சித்தி நடக்காமல் ஒரே இடத்தில் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் தலைமையாசிரியையே ஸ்பூனைப் பிடித்தார், பக்கத்தில் மசித்த பழக் கிண்ணத்தோடு. முகம் திரும்பியது. கை வரவில்லை. "பாத்தீங்களா மேடம்?" என்றார். சித்தி இரண்டு கையாலும் நாற்காலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பிடிங்க" என்றாள். "கை வலிக்குது மேடம்." "இன்னும் கொஞ்சம்." முஷ்டி கிளம்பியது. ஆனால் குறி தவறிக் கிண்ணத்தில் இறங்கியது. கமிட்டிக் கோப்பு முழுக்கப் பழம்.

தலைமையாசிரியை கோப்பைத் துடைத்தார். கண்ணாடியையும் துடைத்தார். மறுபடி ஸ்பூனைக் காட்டினார். இந்த முறை முஷ்டி நேராக ஸ்பூனுக்கே வந்தது. 'ஆறு மாதம் இங்கேயே தொடரலாம், கண்ணை வேறு இடத்தில் சோதிக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று மகாராணி கிண்ணத்தில் மிச்சமிருந்ததை வழித்துச் சாப்பிட்டாளாம்.

சித்தி இனிமேலாவது நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தோம். சனிக்கிழமை காலையிலேயே போனும் கையுமாக நின்றாள். மகாராணியின் வீடியோவை, பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்வது எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணமாக இன்னும் நான்கு ஊர்ப் பயிற்சிகளில் காட்டியிருக்கிறாள். ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டாள். "நான் காட்டின வீடியோ தப்பு. முகத்தத் திருப்பினா எதையும் எடுத்துடாதீங்க, காத்திருங்க." இரண்டு ஊரில் சரி மேடம் என்றார்கள். மூன்றாவது ஊரில் ஒரு டீச்சர் எடுத்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"மேடம்... இங்க ஒரு பையன் அப்படித்தான் திருப்பிட்டே இருந்தான். போன மாசம் இல்லத்துக்கு அனுப்பிட்டோம்."

"எந்த இல்லம்?"

"ரொம்பத் தூரம் மேடம். மூணு பஸ் மாறணும்."

"முதல் பஸ் எத்தன மணிக்கு?" என்றாள் சித்தி. அம்மா அவள் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.